மிதக்கும் நகரங்களின் விடுபட்ட கணக்கு

பணி ஓய்வு பெற்ற பிறகு இதுவரை பதினொரு முறை சொகுசுக் கப்பலில் பயணம் செய்திருக்கிறேன். பொருளாதாரப் பேராசிரியரின் ஓய்வூதியம் அவ்வளவு தாராளமா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. என் மகள் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஓர்லாண்டோ நகரில் வசிக்கிறாள். அங்கிருந்து காரில் ஒரு மணி நேரத் தொலைவில் கெனவரல் துறைமுகம் இருக்கிறது. குளிர்கால மாதங்களில் பேரக்குழந்தைகளைப் பார்க்க நானும் மனைவியும் செல்லும்போது, புறப்படும் நாள் நெருங்கியும் விற்காமல் கிடக்கும் அறைகளில் ஒன்றை மகள் எங்களுக்குப் பதிவு செய்து தருவாள். ஜன்னல் இல்லாத உள்ளறை, வேளைதோறும் உணவு, ஏழு இரவுகள். அதே ஊரில் நடுத்தர விடுதி ஒன்றில் ஏழு நாள் வெறுமனே தங்குவதற்கு ஆகும் செலவைவிட அது குறைவாக இருந்த ஆண்டுகளும் உண்டு.

தங்குமிடம், உணவு, போக்குவரத்து, பொழுதுபோக்கு ஆகிய அனைத்தையும் வெறும் தங்குமிடத்தின் விலையைவிடக் குறைவாக ஒருவரால் எப்படி விற்க முடியும்? வகுப்பறையில் இக்கேள்வியை யாரேனும் கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டேன். பயணியாக இருந்தபோது பல ஆண்டுகள் கேட்காமலேயே இருந்துவிட்டேன். இப்போது கேட்க வேண்டிய நேரம் வந்திருக்கிறது. 2024 செப்டம்பர் 30 அன்று மும்பையில் மத்திய அரசு ‘குரூஸ் பாரத்’ இயக்கத்தைத் தொடங்கியது. 2029-க்குள் நாட்டின் சொகுசுக் கப்பல் பயணிகளின் எண்ணிக்கையை இரு மடங்காக்குவது அதன் இலக்கு. நம் துறைமுகங்கள் இத்தொழிலை வரவேற்கும்போது, அதை வெகுகாலமாக அறிந்த ஊர்கள் அதற்கு வரம்பு விதிக்கத் தொடங்கியிருக்கின்றன. இந்த முரணைப் புரிந்துகொள்ள, அடிக்கடி கப்பலேறும் ஒரு பயணியின் பழக்கவழக்கங்களே போதும்.

முதல் பயணத்தில் எல்லாரையும்போல நானும் தவறுகள் செய்தேன். இரத்த அழுத்த மாத்திரைகளைப் பெரிய பெட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டேன். பெட்டி அறைக்கு வந்துசேர இரவாகிவிட்டது. கைப்பேசியை அணைக்காமல் விட்டதற்குக் கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பு தனிக் கட்டணம் வசூலித்தது. அடுத்தடுத்த பயணங்களில் தேறிவிட்டேன். மருந்துகள் கைப்பையில் இருக்கும். அறை, ஆட்டம் குறைவாக உள்ள நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் இருக்கும். கப்பலேறும் நாளுக்கு முந்தைய நாளே துறைமுக ஊருக்குப் போய்விடுவோம். கப்பலின் கடிகாரமும் கரையின் கடிகாரமும் வேறுபடக்கூடும் என்பதால் இரண்டையும் குறித்துக்கொள்வேன். முதல் நாள் இரவே உணவுக்கூடத் தலைமைப் பணியாளரைத் தேடிப் போய் வணக்கம் சொல்வேன். பெரும்பாலும் அவர் இந்தியராக இருப்பார், அல்லது சமையலறையில் ஓர் இந்தியரை அறிந்தவராக இருப்பார். மறுநாள் முதல் எங்கள் மேசைக்குப் பட்டியலில் இல்லாத பருப்பும் காய்கறியும் வரும். முழங்கால் வலியால் ஊர் ஊராகப் பெட்டி தூக்க இயலாத என் மனைவிக்கு, ஒரே அறையில் இருந்தபடி நாடு நாடாகச் செல்லும் வசதி பெரிய கொடை. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொரு பழக்கம். எட்டாவது பயணத்தில் கப்பல் மெக்சிகோவின் கொசுமெல் தீவை அடைந்தபோது நாங்கள் இறங்கவில்லை. அங்கே ஏற்கெனவே இரண்டு முறை போயிருந்தோம். மற்றவர்கள் இறங்கிப் போய்விட்டால் கப்பல் அமைதியாகிவிடும், உணவுக்கூடத்தில் வரிசை இருக்காது, நீச்சல் குளத்தருகே நாற்காலி கிடைக்கும் என்பது அடிக்கடி பயணிப்பவர்கள் கண்டறிந்த நுட்பம். மேல்தளத்தில் அமர்ந்திருந்தபோது, என்னைப் போலவே இறங்காத பலரைச் சுற்றிலும் கண்டேன். ஒரு நாட்டின் கரையில் நின்றுகொண்டு, அந்த நாட்டைப் பார்க்காமல் இருப்பதையே வசதியாகக் கருதும் நிலைக்கு நாங்கள் வந்திருந்தோம்.

அன்று என் அருகே அமர்ந்திருந்தவர் ஒஹாயோவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. எண்பதைக் கடந்தவர், கணவரை இழந்தவர். நூறு பயணங்களுக்கு மேல் போய்விட்டதாகச் சொன்னார். தனியாகச் செல்பவர் ஓர் அறைக்கு ஏறத்தாழ இருவருக்கான கட்டணத்தைச் செலுத்த வேண்டும். அதற்கு ஈடாக இரட்டைப் புள்ளி கிடைக்கிறது என்று திருப்தியோடு சொன்னார். கப்பல் நிறுவனங்கள் ஒவ்வோர் இரவுக்கும் புள்ளிகள் வழங்கி, தங்கம், வைரம் என்று பயணிகளைத் தரம் பிரிக்கின்றன. பெரிய நிறுவனம் ஒன்றில் உச்சத் தகுதியை எட்ட 700 புள்ளிகள் தேவை. உள்ளறையில் துணையோடு செல்பவருக்கு இது 700 இரவுகள். அதாவது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கடலில் கழிக்க வேண்டும்.

அந்த ஆசிரியையை நான் ஏளனமாகப் பார்க்கவில்லை. அமெரிக்காவில் உதவியுடன் வாழும் முதியோர் இல்லங்களுக்கு மாதந்தோறும் 5,000 டாலருக்கு மேல் ஆவது இயல்பு. சொகுசுக் கப்பலை அத்தகைய இல்லத்துக்கு மாற்றாகக் கருத இயலுமா என்று 2004-லேயே அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் மருத்துவர்கள் இருவர் கணக்கிட்டு எழுதினார்கள். “இங்கே என் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்” என்றார் அவர். அதற்கு விலை வைக்க எந்தப் பாடநூலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அவருடைய தெரிவு அறிவார்ந்தது, என்னுடையதும்தான். இவ்வாறு ஒவ்வொருவரும் தமக்கு நன்மையானதைத் தெரிவு செய்தபின் எஞ்சும் செலவு யார் தலையில் விழுகிறது என்பதே என் கேள்வி.

கப்பல் புறப்பட்ட பின் காலியாக இருக்கும் அறையால் நிறுவனத்துக்கு ஒரு காசும் வராது. எரிபொருள், ஊழியர், கடன் வட்டி ஆகிய செலவுகள் அறை நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே கடைசி அறையை எந்த விலைக்கும் விற்கலாம். உள்ளே வந்தவர் மதுவுக்கும், இணையத்துக்கும், சூதாட்டத்துக்கும், கரைச் சுற்றுலாவுக்கும் செலவிடுவார். உலகின் மிகப் பெரிய சொகுசுக் கப்பல் நிறுவனமான கார்னிவல் குழுமத்துக்கு 2024-ல் கிடைத்த சுமார் 2,500 கோடி டாலர் வருவாயில், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டது பயணச்சீட்டு விற்பனைக்கு வெளியிலிருந்து வந்தது. பயணச்சீட்டு நுழைவாயில் மட்டுமே. கடை உள்ளே இருக்கிறது.

இந்தக் கணக்கில் கரை ஒரு போட்டியாளர். பயணி கரையில் கழிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கப்பலில் செலவிடாத நேரம். பெரும்பாலான துறைமுகங்களில் கப்பல் நிற்கும்போது அதன் சூதாட்டக் கூடமும் வரியில்லாக் கடைகளும் மூடப்பட வேண்டும். இதற்கு நிறுவனங்கள் கண்ட தீர்வு, கரையையும் தமதாக்கிக்கொள்வது. பஹாமாஸ் தீவுகளில் ராயல் கரீபியனுக்குக் கோகோகே தீவு இருக்கிறது. கார்னிவல் தன் ‘செலிப்ரேஷன் கீ’ கடற்கரையை 2025 ஜூலையில் திறந்தது. பயணி வேற்று நாட்டில் இறங்கியதாக எண்ணுகிறார். அவருடைய பணப்பை கப்பலைவிட்டு இறங்குவதே இல்லை.

கப்பலின் நாடு எது என்பதும் வேடிக்கையான கேள்வி. அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து, பெரும்பாலும் அமெரிக்கப் பயணிகளோடு, மயாமியில் தலைமையகம் கொண்ட நிறுவனங்களின் கப்பல்கள் புறப்படுகின்றன. ஆனால், 2025 நிலவரப்படி கார்னிவல் பனாமாவிலும், ராயல் கரீபியன் லிபேரியாவிலும், நார்வீஜியன் பெர்முடாவிலும் பதிவாகியிருந்தன. பரஸ்பர விலக்கு என்ற பெயரில், அயல்நாட்டில் பதிவான நிறுவனங்களின் பன்னாட்டுக் கப்பல் வருமானத்துக்கு அமெரிக்கச் சட்டம் வரிவிலக்கு அளிக்கிறது. இதற்கு முடிவு கட்டப்படும் என்று 2025 பிப்ரவரியில் அமெரிக்க வணிகத் துறை அமைச்சர் சொன்னவுடன் இந்நிறுவனங்களின் பங்குகள் சரிந்தன. அந்த விலக்கின் மதிப்பைப் பங்குச் சந்தை நன்கு அறிந்திருந்தது.

கப்பல் எந்தக் கொடியைப் பறக்கவிடுகிறதோ அந்த நாட்டின் சட்டமே உள்ளே வேலை செய்பவருக்கும் பெரிதும் பொருந்தும். எங்கள் கடைசிப் பயணத்தில் அறையைப் பராமரித்த இளைஞர், நாங்கள் பேசுவதைக் கேட்டுத் தயங்கி நின்று, “சார், நீங்க தமிழா?” என்றார். தூத்துக்குடிக்காரர். ஊர், தெரு எல்லாம் விசாரித்தபின், “எத்தனை மாசம் தம்பி ஒப்பந்தம்?” என்று கேட்டேன்.

“ஒம்பது மாசம் சார். நடுவுல ஒருநாள்கூட முழு லீவு கிடையாது. காலையில கொஞ்சம், மத்தியானம் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.”

“இந்தத் தீவெல்லாம் பார்த்தாயா?”

“எங்க சார்! நீங்க எல்லாரும் இறங்குற நேரத்துலதானே எங்களுக்கு ரூம் வேலை. ஊர்ல நான் உலகம் சுத்துறேன்னு நினைக்கிறாங்க. துறைமுகத்தைத்தான் பார்த்திருக்கேன்.”

நான் இறங்க விரும்பாமல் இறங்கவில்லை. அவர் இறங்க நேரமில்லாமல் இறங்கவில்லை.

வேலையில் சேர ஊரில் ஒரு முகவருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுத்ததாகவும், அதை அடைக்கவே முதல் ஒப்பந்தம் சரியாகப் போயிற்று என்றும் சொன்னார். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை 2015-ல் இந்தியா ஏற்றது. வேலையில் அமர்த்துவதற்காகக் கடலோடியிடம் கட்டணம் பெறக்கூடாது என்பது அதன் அடிப்படை விதிகளில் ஒன்று. அதே உடன்படிக்கை வேலை நேரத்துக்கு இரண்டு அளவுகோல்களை வைத்து, ஒன்றைத் தெரிவு செய்யும் உரிமையை நாடுகளுக்கு விடுகிறது: வாரத்துக்கு 72 மணி நேரத்துக்கு மிகாத வேலை, அல்லது 77 மணி நேரத்துக்குக் குறையாத ஓய்வு. வாரத்தின் 168 மணி நேரத்தில் 77-ஐக் கழித்தால் 91. இரண்டாவது அளவுகோலைப் பின்பற்றும் கொடியின் கீழ், வாரத்துக்கு 91 மணி நேர வேலையும் சட்டத்துக்கு உட்பட்டதே.

ஊதியத்தின் ஒரு பகுதியும் நிறுவனத்தின் தோளிலிருந்து பயணியின் தோளுக்கு மாற்றப்பட்டிருக்கிறது. அமெரிக்கச் சந்தையின் பெரிய நிறுவனங்களில், ஒரு பயணிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 16 முதல் 20 டாலர் வரை ‘சேவைப் பணம்’ தானாகவே கணக்கில் ஏறும். கடைசி நாளன்று அதை நீக்கச் சொல்லி வரவேற்பு மேசை முன் நிற்பவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். முதல் பயணத்தில் நானும் அந்த வரிசையில் நின்றவன்தான். அன்று மிச்சம் பிடித்த தொகை யாருடைய கூலி என்று இப்போது தெரிகிறது. 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் ‘டயமண்ட் பிரின்சஸ்’ கப்பல் தனிமைப்படுத்தப்பட்டபோது, அதில் இருந்த 138 இந்தியர்களில் 132 பேர் ஊழியர்கள். பயணிகள் அறைக்குள் அடைபட்டிருக்க, கதவு கதவாக உணவு கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் ஊழியர்களே.

எஞ்சிய செலவு துறைமுக ஊர்களின் பங்கு. அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவுக்கு ஒருமுறை கப்பலில் சென்றேன். ஏறத்தாழ 32 ஆயிரம் பேர் வாழும் ஊர். சாலை வழியாக வெளியுலகத் தொடர்பு இல்லாதது. 2023-ம் ஆண்டின் பருவத்தில் அங்கே 16 லட்சத்துக்கும் அதிகமான கப்பல் பயணிகள் வந்தார்கள். நடைபாதைகள், கழிவுநீர், அவசர மருத்துவம் அனைத்தும் அச்சிறிய ஊரின் பொறுப்பு. 2024 முதல் நாளொன்றுக்கு ஐந்து பெரிய கப்பல்கள் என்றும், 2026 முதல் பயணிகளுக்கான படுக்கை எண்ணிக்கையில் நாளொன்றுக்கு 16 ஆயிரம், சனிக்கிழமைகளில் 12 ஆயிரம் என்றும் நிறுவனங்களோடு பேசி ஊர் வரம்பு கண்டது. சனிக்கிழமைகளில் பெரிய கப்பல்களே வேண்டாம் என்ற யோசனையை 2024 அக்டோபர் வாக்கெடுப்பில் அதே மக்கள் நிராகரித்தார்கள். கப்பலால் பிழைப்பவர்களும் அவ்வூரில் உண்டு. அவர்கள் கேட்டது தடையை அல்ல, அளவை.

மற்ற இடங்களிலும் இதே போக்குதான். வெனிஸ் நகரின் மையக் கால்வாயில் 25 ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் செல்ல 2021 ஆகஸ்டில் இத்தாலி தடை விதித்தது. பார்சிலோனா தன் ஏழு கப்பல் முனையங்களை 2030-க்குள் ஐந்தாகக் குறைக்க முடிவெடுத்துள்ளது. கிரேக்க நாடு 2025 ஜூலை முதல், பருவ காலத்தில் சாண்டோரினியிலும் மைகோனோஸிலும் இறங்கும் கப்பல் பயணிக்கு 20 யூரோ கட்டணம் விதித்துள்ளது. மெக்சிகோ 42 டாலர் கேட்கத் தொடங்கி, பேச்சுவார்த்தைக்குப் பின் 5 டாலரில் ஆரம்பித்து 2028-ல் 21 டாலரை எட்டும் ஏற்பாட்டுக்கு இறங்கி வந்தது.

பேரம் பேசும் வலிமை எங்கிருந்து வருகிறது? 1990-களில் கரீபிய நாடுகளின் கூட்டமைப்பு, பயணிக்கு 10 டாலர் என்று பொதுவான தலைவரி விதிக்க முயன்றது. நிறுவனங்கள் எதிர்த்தன, அண்டைத் தீவு குறைத்துக் கேட்டால் கப்பல் அங்கே போய்விடும் என்ற அச்சத்தில் ஒற்றுமை குலைந்தது. அலாஸ்காவோ பயணிக்கு 34.50 டாலர் வசூலிக்கிறது. அதில் கப்பல் முதலில் நிற்கும் ஏழு துறைமுக ஊர்களுக்குப் பயணி ஒருவருக்குத் தலா 5 டாலர் பகிர்ந்தளிக்கிறது. கப்பல்கள் அங்கே போவதை நிறுத்தவில்லை. கடற்கரைக்கு மாற்றுக் கடற்கரை கிடைக்கும். பனிப்பாறைக்கு மாற்றுப் பனிப்பாறை கிடைக்காது. மாற்று இல்லாத பொருளை வைத்திருப்பவர் விலையைத் தாமே சொல்லலாம். மாற்று உள்ளவர்கள் ஒன்றாகச் சேர்ந்து சொல்ல வேண்டும்.

இந்தியா எந்த இடத்தில் நிற்கிறது? 2020 ஆகஸ்டில் மத்தியக் கப்பல் துறை, சொகுசுக் கப்பல்களின் கட்டணத்தை முதல் 12 மணி நேரத்துக்கு டன்னுக்கு 35 சென்ட் என்பதிலிருந்து 8.5 சென்ட்டாகக் குறைத்தது. பயணிக்கு 5 டாலர் தலைவரி மட்டும் போதும், வேறு கட்டணங்கள் வேண்டாம் என்றும் அறிவித்தது. பெருந்தொற்றால் முடங்கிய தொழிலை மீட்க அன்று அது தேவையாக இருந்திருக்கலாம். 2024 வரவுசெலவுத் திட்டத்தில், அயல்நாட்டுச் சொகுசுக் கப்பல் நிறுவனங்கள் பயணிகளிடம் பெறும் தொகையில் 20 விழுக்காட்டை மட்டும் வருமானமாகக் கொள்ளும் எளிய வரிமுறை கொண்டுவரப்பட்டது. அயல்நாட்டு நிறுவனங்களுக்கான 35 விழுக்காடு வரியின்படி, மேல்வரி நீங்கலாக 100 ரூபாய்க்கு 7 ரூபாய். எளிமையை நான் வரவேற்கிறேன். ஆனால், கவர்வதற்கான சலுகைகள் எழுதப்பட்ட அளவுக்கு, ஊர்களைக் காப்பதற்கான நிபந்தனைகள் எழுதப்படவில்லை.

சென்னையும் இந்தக் கடலுக்குப் புதியதல்ல. 2022 ஜூனில் இங்கிருந்து சொகுசுக் கப்பல் சேவை தொடங்கியது. 2023 ஜூனில் இலங்கைக்கும் நீண்டது. நாளை ஆயிரக்கணக்கானோருடன் பெரிய கப்பல்கள் வந்தால், மாமல்லபுரத்துக்கு ஒரே காலையில் நூறு பேருந்துகள் போகும். அவ்வூரின் குப்பைக்கும் குடிநீருக்கும் பேரூராட்சியோ நகராட்சியோ துறைமுகத்திடம் கை நீட்ட இயலாது. மாமல்லபுரத்துக்கு மாற்று உலகில் வேறெங்கும் இல்லை. இருந்தும், மும்பை, கொச்சி, கோவா, சென்னை ஆகியவை ஒன்றோடொன்று சலுகையில் போட்டியிட்டால் கரீபியத் தீவுகளின் கதைதான் மீண்டும் நடக்கும்.

எனவே நான்கு காரியங்கள் இப்போதே செய்யத்தக்கவை. முதலாவது, எல்லா இந்தியத் துறைமுகங்களுக்கும் பொதுவான, ஆண்டுதோறும் படிப்படியாக உயரும் தலைவரி. அதில் ஒரு பங்கு துறைமுகத்துக்கு அல்லாமல் பயணிகள் இறங்கிச் செல்லும் ஊருக்கே சேர வேண்டும். இரண்டாவது, முனையம் கட்டுவதற்கு முன்பே அந்தந்த ஊர் தாங்கும் அளவைக் கணக்கிட்டு நாளாந்த வரம்பு விதிப்பது. கட்டிய பிறகு குறைப்பது எவ்வளவு கடினம் என்பதற்குப் பார்சிலோனா சான்று. மூன்றாவது, நிற்கும் கப்பல் தன் எஞ்சினை அணைத்துவிட்டுக் கரை மின்சாரத்தைப் பெறும் வசதியை முனையத்தின் கட்டாயப் பகுதியாக்குவது. ஜூனோவில் இது 2001-லேயே நடைமுறைக்கு வந்தது. நான்காவது, கடலோடிகளிடம் பணம் பறிக்கும் முகவர்களைக் கண்டறிந்து உரிமம் பறிப்பது. இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. இருப்பதைச் செயல்படுத்தினால் போதும்.

இவற்றால் கப்பல் கட்டணம் உயராதா என்று கேட்கலாம். உயரும். ஏழு இரவுப் பயணத்தில் சில நூறு ரூபாய் முதல் ஓரிரு ஆயிரம் ரூபாய் வரை கூடும். அதைத் தரத் தயங்குபவர் கப்பலில் ஒரு கோப்பை மதுவுக்கு என்ன தருகிறார் என்று பார்த்தால் இந்த வாதம் நிற்காது. 2024-ல் உலகில் ஏறத்தாழ 3.46 கோடிப் பேர் சொகுசுக் கப்பலில் பயணம் செய்தார்கள். இது வளரும் தொழில். நிபந்தனை சொன்னால் ஓடிவிடும் நிலையில் அது இல்லை.

தூத்துக்குடி இளைஞரின் வருமானத்தில்தான் அவருடைய தங்கைக்குத் திருமணம் நடந்தது. அந்த ஒஹாயோ ஆசிரியைக்குக் கப்பலே வீடு. இத்தொழில் வேண்டாம் என்று சொல்லும் தகுதி, பதினொரு முறை பயனடைந்த எனக்கு இல்லை. மலிவு என்று நான் எண்ணிய பயணத்தின் மீதி விலையை ஒரு பகுதி அந்த இளைஞரும், ஒரு பகுதி ஜூனோ போன்ற ஊர்களும் செலுத்தின என்று மட்டும் சொல்ல முடியும். அந்த மீதியைப் பயணச்சீட்டிலேயே எழுதிவிட வேண்டும் என்பதுதான் என் வாதம்.

வரும் ஜனவரிக்கு மகள் மீண்டும் ஓர் உள்ளறையைப் பதிவு செய்திருக்கிறாள். கொசுமெல் இம்முறையும் வழியில் இருக்கிறது. முழங்கால் ஒத்துழைக்கும் அளவுக்கு இருவரும் இறங்கி நடப்பது என்று முடிவு செய்திருக்கிறோம்.